முப்பத்தொரு வீட்டுக்கு இரண்டு பெட்டி

இரண்டு பெட்டி கிறிஸ்துமஸ் பலகாரம், மொத்தம் ஆறு கிலோ, பெட்டி ஒன்றுக்கு 1,380 ரூபாய். டிசம்பர் 22-ஆம் தேதி சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கியது. பிரித்தவுடன் நான் செய்த முதல் வேலை எண்ணியதுதான். முப்பத்திரண்டு வருடம் கூட்டுறவு வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவனிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? முந்திரிக்கொத்து 47. அச்சுமுறுக்கு 78, அதில் முழுசாக இருந்தவை 57. கைமுறுக்கு 104. டைமன் கட் எண்ணுகிற பண்டமில்லை. நிறுத்துப் பார்த்தேன், ஒரு கிலோவுக்கு இருபது கிராம் கூடவே இருந்தது.

எங்கள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் பலகாரம் விலைக்கு வந்தது இதுவே முதல் தடவை. அக்டோபர் மழையில் கொல்லைப்புறம் வழுக்கி விழுந்து என் மனைவிக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவு பிசையக் கூடாது, கரண்டி தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானே சுடுகிறேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எண்ணெய் விற்கிற விலைக்கு இந்த விளையாட்டு வேண்டாம்" என்றாள். அப்படித்தான் மயிலாடிப் பக்கம் ஆறு பெண்கள் சேர்ந்து ஒரே அடுக்களையில் சுட்டுக் கொடுக்கும் இந்தப் பெட்டியைப் பற்றி விசாரித்தோம். பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதப் போவதில்லை. அவர்களால் வருடத்துக்கு இத்தனை பெட்டிதான் என்று ஒரு கணக்கு இருக்கிறது. நான் பெயரை எழுதி, நீங்கள் எல்லோரும் கூப்பிட்டு, அடுத்த வருடம் எனக்கு இல்லை என்றாகிவிட்டால் என் வீட்டில் யார் பதில் சொல்வது? கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்படிப் பெட்டி போடுகிறவர்கள் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒருவராவது இருப்பார்கள். எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

பலகாரத்தை நாக்கில் வைத்து மட்டும் மதிப்பிடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் பலகாரம் தின்பதற்காகச் சுடப்படுவதில்லை, கொடுப்பதற்காகச் சுடப்படுகிறது. நாகர்கோவிலுக்குக் கிழக்கே எங்கள் தெருவில் பிறந்த எந்தப் பையனும் முந்திரிக்கொத்து சுடக் கற்றுக்கொண்டதில்லை. தட்டுத் தூக்கக் கற்றுக்கொண்டான். இருபத்துநாலாம் தேதி பொழுது சாயும்போது அம்மா எவர்சில்வர் தட்டுகளை வரிசையாகத் திண்ணையில் பரப்புவாள். ஒவ்வொன்றிலும் மூன்று முந்திரிக்கொத்து, நான்கு அச்சுமுறுக்கு, ஐந்து கைமுறுக்கு, இரண்டு பாளையங்கோடன் பழம். மேலே ஒரு லேஸ் துணி. அந்தத் துணியை அம்மாவின் அம்மா பின்னியது. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த பின்னல் வேலை, கைமாறிக் கைமாறி எங்கள் அடுக்களை அலமாரி வரை வந்து சேர்ந்திருந்தது. தட்டின் விளிம்பில் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும். நானும் தம்பியும் ஆளுக்கு இரண்டு தட்டாக ஓட வேண்டும். வழியில் துணியைத் தூக்கிப் பார்த்தால் வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரியும் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 47 சதவீதம். அதாவது பாதிப்பேர் சுட்டு, மற்றப் பாதிப்பேருக்குக் கொடுக்க வேண்டும். தீபாவளிக்கு அது அப்படியே திரும்பும். அதனால் ஒரு பலகாரப் பெட்டியைப் பார்த்ததும் என் மனதில் எழும் கேள்வி, இது எத்தனை வீட்டுக்குக் காணும் என்பதுதான். எங்கள் பட்டியலில் இந்த வருடம் முப்பத்தொரு வீடு.

முதலில் முந்திரிக்கொத்து. வெளியூர்க்காரர்கள் கேட்கிற கேள்விக்குப் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: இதில் முந்திரிப்பருப்பு கிடையாது. கொடிமுந்திரி என்றால் திராட்சை. திராட்சைக் குலைபோல மூன்று உருண்டை ஒட்டிக்கொண்டு கிடப்பதால் அந்தப் பெயர் என்பாள் என் பாட்டி. சிறுபயறை வறுத்துத் திரித்து, வறுத்த தேங்காய்த் துருவலும் எள்ளும் ஏலமும் சுக்கும் சேர்த்து, வெல்லப்பாகு ஊற்றி உருட்டுவது. அந்த உருண்டைகளை மஞ்சள்பொடி போட்ட பச்சரிசி மாவில் மூன்று மூன்றாக முக்கி எண்ணெயில் விடுவது. எழுதுவதற்கு எளிது. பாகு இளகிப்போனால் உருண்டை எண்ணெயில் பிரிந்து சட்டி முழுவதும் பயறாக மிதக்கும். முற்றிப்போனால் பல்லுக்கு ஆபத்து. எங்கள் ஊரில் கல்யாண வீட்டுப் பலகாரமும் இதுதான், தீபாவளிப் பலகாரமும் இதுதான். ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி 1806-இல் திருவிதாங்கூருக்கு வந்தார். 1809-இல் மயிலாடியில் கிறிஸ்தவக் கோயில் எழும்பியது. அவர் வேதத்தைக் கொண்டுவந்தார், பலகாரம் ஒன்றும் கொண்டுவரவில்லை. எங்கள் ஆட்கள் பழைய எண்ணெய்ச்சட்டியிலேயே புதிய பண்டிகைக்கும் சுட்டுக்கொண்டார்கள். அந்த மயிலாடிப் பக்கத்துக் கை என்பதால் எனக்கு முன்கூட்டியே ஒரு நம்பிக்கை இருந்தது. அதை மறைத்துவிட்டு எழுதுவது நியாயமில்லை.

47-இல் ஒன்றை எடுத்து நானும் மனைவியும் பிட்டோம். மூன்று உருண்டையை இருவர் பங்கிடுவதில் உள்ள சிக்கலைப் பற்றி இங்கே பேச வேண்டாம். இரண்டு அவளுக்குப் போயிற்று. மேல்தோடு மெல்லியது. நகத்தால் தட்டினால் 'டொக்' என்கிறது. பிட்டால் சில்லாக உடைகிறதே தவிர ரப்பர்போல இழுபடவில்லை. உள்ளே பயறு மாவாகிவிடாமல் ரவைப் பதத்தில் நிற்கிறது. தேங்காய்த் துருவல் பொன்னிறமாக வறுபட்டிருக்கிறது. இது முக்கியம், ஏனென்றால் தேங்காயில் ஈரம் நின்றால் நான்காம் நாளே காறல் வாடை வந்துவிடும். தேங்காய் எண்ணெயில் சுட்டது என்று அட்டையில் போட்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்தபோதே அது உண்மை என்று தெரிந்தது. குறை என்றால் இரண்டு. மஞ்சள்பொடி ஒரு சிட்டிகை கூடுதல், கொத்துகள் சுவரொட்டிபோலப் பளிச்சென்று இருக்கின்றன. சுக்கு ஒரு சிட்டிகை குறைச்சல். என் மனைவி பத்துக்கு எட்டு கொடுத்தாள். தன் கையால் சுட்டதற்கு அவள் ஏழைத் தாண்டியதில்லை என்பதால் நான் கொஞ்சம் திகைத்துப் போனேன். "உருண்டை நெல்லிக்காய் அளவுதான் இருக்கிறது, எலுமிச்சை அளவு இருந்தால் ஒன்பது" என்றும் சொன்னாள்.

அச்சுமுறுக்கில்தான் சறுக்கல். 78-இல் 21 உடைந்திருந்தது என்று சொன்னேன். ஆட்டோ குலுங்கியதைக் காரணம் சொன்னார்கள். அச்சுமுறுக்கைப் படுக்கவைத்து, அதன் தலையில் கைமுறுக்குப் பொட்டலத்தை ஏற்றினால் ஆட்டோவே வேண்டாம், கதவைச் சாத்தினாலே உடையும். பழைய காலத்தில் பிஸ்கட் டின்னில் செங்குத்தாக அடுக்கி இடையில் செய்தித்தாள் வைப்பார்கள். அது போக, உடைந்த துண்டு ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள் என் மனைவி. எனக்கு அது வெறும் முறுக்கு. அவள் கைரேகை பார்ப்பதுபோல வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். பூவின் ஒரு பக்க இதழ் தடித்திருக்கிறது, மறுபக்கம் மெலிந்திருக்கிறது. அப்படியென்றால் அச்சு எண்ணெயில் நன்றாகக் காய்வதற்குள் மாவில் முக்கிவிட்டார்கள். காய்ந்த அச்சை மாவில் வைத்தால் 'சுர்' என்று சத்தம் கேட்க வேண்டும், மாவு அச்சின் முக்கால் உயரத்துக்குமேல் ஏறக் கூடாது. ஏறினால் பூ அச்சைவிட்டுக் கழலாது, குச்சியால் தட்டிக் கழற்ற வேண்டிவரும், தட்டிய இடத்தில் விரிசல் விழும். "இதோ பாருங்கள், விரிசல்" என்று காட்டினாள். ருசியில் குற்றமில்லை: தேங்காய்ப்பால் இருக்கிறது, முட்டை இருக்கிறது, கருப்பு எள் இருக்கிறது, இனிப்பு அளவோடு இருக்கிறது. ஆனால் விரிசல் விட்ட பூவைத் தட்டில் வைத்து ஒரு வீட்டுக்கு அனுப்ப முடியுமா? 57-ஐ வைத்துக்கொண்டு இருபத்தாறு வீட்டுக்கு இரண்டிரண்டும் ஐந்து வீட்டுக்கு ஒவ்வொன்றுமாக ஒப்பேற்றினேன். அந்த ஐந்து வீடு எவை என்று முடிவுசெய்ய ஒரு மணி நேரம் ஆயிற்று. வங்கியில் கடன் மனுக்களைக்கூட நான் இவ்வளவு யோசித்துப் பிரித்ததில்லை.

கைமுறுக்கு சரி. டைமன் கட் சரி, ஆனால் எதற்கு? சீனிப் பாகில் புரட்டிய மைதாத் துண்டை எந்தத் தட்டிலும் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதைக் கேரல் குழுவுக்கு ஒதுக்கிவிட்டோம். இருபத்து மூன்றாம் தேதி இரவு பதினொன்றரைக்கு வந்தார்கள். தபேலா, ஆர்மோனியம், சிவப்பு அங்கி போட்ட தாத்தா ஒருவர், பின்னால் தூக்கத்தில் தள்ளாடும் பத்துப் பன்னிரண்டு சிறுபிள்ளைகள். பாடி முடித்ததும் கட்டன் காப்பியும் டைமன் கட்டும் கொடுத்தோம். ஐந்து நிமிடத்தில் ஒரு கிலோவும் காலி. தாத்தா முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு கையாலும் அள்ளினார். அந்த வகையில் அது தன் கடமையைச் செய்துவிட்டது.

பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலட்டையில் பனி மூடிய ஊசியிலை மரம், மான், வழுக்குவண்டி. எங்கள் ஊரில் டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழையின் வால், வயலில் பச்சை, சவுக்குத் தோப்பில் இருந்து ஒரு கிளையை வெட்டிவந்து பஞ்சு ஒட்டினால் அதுதான் கிறிஸ்துமஸ் மரம். மூங்கில் சிம்பைக் கட்டி வண்ணத்தாள் ஒட்டிய ஸ்டாரைத் தென்னை மரத்தில் ஏற்றிவிட்டு, மழை வருமோ என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். தாள் ஸ்டார் நனைந்து கந்தலாகத் தொங்கிய வருடங்கள்தான் அதிகம். இப்போது பிளாஸ்டிக் வந்து அந்தக் கவலையைத் தீர்த்துவிட்டது. ஆறு பெண்களும் தங்கள் ஊர் ஸ்டாரையே அட்டையில் போட்டிருக்கலாம். உள்ளே பிளம் கேக் துண்டு வைக்காததற்கு மட்டும் நன்றி சொல்ல வேண்டும். 1883-இல் கேரளத்துத் தலச்சேரியில் பேக்கரிக்காரர் மம்பள்ளி பாபு ஒரு வெள்ளைக்காரருக்காகக் கேக் சுட்ட கதையைப் பெருமையாகச் சொல்வார்கள், சொல்லட்டும். எனக்கும் கேக் பிடிக்கும். அது பேக்கரியில் கிடைக்கும்.

இனி கணக்குக்கு வருகிறேன். 47 முந்திரிக்கொத்தில் ஒன்று ருசி பார்க்கப் போயிற்று. 46. வீட்டுக்கு இரண்டு என்று குறைத்தாலும் முப்பத்தொரு வீட்டுக்கு 62 வேண்டும். அதோடு எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு இரண்டு போதாது. அந்த வீட்டில் ஆகஸ்டில் பெரியவர் போய்விட்டார். சாவு விழுந்த வீட்டில் அந்த வருடப் பண்டிகைக்கு எண்ணெய்ச்சட்டி வைப்பதில்லை. அக்கம்பக்கத்துத் தட்டுகளில்தான் அவர்களுக்குப் பண்டிகை. ஆகவே அங்கே போகிற தட்டு எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்துக் கடலோர ஊர்களில் மீன்பிடிக்கப் போனவர்கள் திரும்பாமல் போனபோது, எங்கள் உள்ளூர்த் தெருவிலும் சட்டி வைக்க யாருக்கும் கை வரவில்லை. அந்த வருடம் கொடுக்கவும் ஆளில்லை, வாங்கவும் ஆளில்லை. கோயிலில் அதிகாலை ஆராதனை முடிந்து, கையில் ஒன்றும் இல்லாமல் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது.

அந்த வீட்டுக்கு நான்கு வைத்தேன். மற்ற 42-ஐ இருபத்தொரு வீட்டுக்கு இரண்டிரண்டாகப் பிரித்தேன். ஒன்பது வீடு மிச்சம், முந்திரிக்கொத்து மிச்சமில்லை.

மயிலாடிக்குப் போன் செய்தேன். டிசம்பர் 15-ஆம் தேதியோடு ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டோம், மாவு திரித்தது அத்தனையும் தீர்ந்துவிட்டது என்றார்கள். பேசியவர் குரலில் ஐந்து நாள் தூக்கம் பாக்கி இருந்தது. வற்புறுத்த மனம் வரவில்லை. என்மீதும் தவறு உண்டு: கிலோ கணக்கில் கேட்டேனே தவிர, கிலோவுக்கு எத்தனை கொத்து நிற்கும் என்று கேட்கவில்லை. நீங்கள் வாங்கினால் அதைத்தான் முதலில் கேளுங்கள். இவர்களிடம் கிலோவுக்கு 23 அல்லது 24. எலுமிச்சை அளவில் உருட்டுகிறவர்களிடம் அதைவிடக் குறையும்.

வேறு வழியில்லாமல் இருபத்துநாலாம் தேதி காலையில் பஸ் ஏறிப் போய் ஒரு பேக்கரியில் ஒரு கிலோ வாங்கினேன். எந்தப் பேக்கரி என்று கேட்காதீர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்க அழகாக, ஒரே அளவில், அச்சில் வார்த்ததுபோல இருந்தது. வீட்டுக்கு வந்து பிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. தோட்டில் மைதா. உள்ளே பயறோடு பொட்டுக்கடலை மாவு, தேங்காயைக் காணோம். பிட்ட விரலில் எண்ணெய் பசையாக ஒட்டியது. விலை மட்டும் மயிலாடிப் பெட்டியை ஒட்டியே இருந்தது. என் மனைவி ஒரு வாய் கடித்துவிட்டு மீதியைக் காக்கைக்குப் போட்டாள். காக்கை தின்றது, அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். பொழுது சாய இரண்டு மணி நேரம்தான் இருந்தது. அந்த ஒன்பது தட்டையும் அதைக்கொண்டே நிரப்பி, பழத்தை முன்னால் தள்ளி வைத்து, லேஸ் துணியால் மூடினேன்.

இந்த வயதில் தட்டுத் தூக்கிக்கொண்டு நடப்பது ஒரு சுகம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் ஓட ஆளில்லை, நானே எட்டு நடை நடந்தேன். பள்ளிவாசல் பக்கத்து வீட்டில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். பெரியவர் போன வீட்டில் அந்த அம்மா தட்டை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றார். ஜனவரி 10-ஆம் தேதி கடைசிக் கொத்தைத் தின்றதாகவும், அப்போதும் காறல் இல்லை என்றும் பிறகு சொன்னார். அட்டையில் இருபது நாள் தாங்கும் என்று அச்சடித்திருந்ததற்கு எனக்குக் கிடைத்த சாட்சி அதுதான்.

தவறு நடந்தது தெருக்கோடியில். அண்ணன் தம்பி இருவர் அடுத்தடுத்துக் குடியிருக்கும் இரண்டு வீடு. முருகன் கோயில் வரிதாரர்கள். தீபாவளிக்கு அவர்கள் வீட்டு முந்திரிக்கொத்துதான் எங்களுக்கு வரும், அதுவும் முதல்தரம். அண்ணன் வீட்டுத் தட்டு கணக்கில் பிந்திவிட்டது. பேக்கரிச் சரக்கு அங்கே போயிற்று. தம்பி வீட்டுக்கு மயிலாடிச் சரக்கு. இரண்டு மருமகள்களும் ஒரே கிணற்றடியில் துணி துவைக்கிறவர்கள் என்பதை அந்த அவசரத்தில் மறந்துபோனேன். இருபத்தாறாம் தேதி காலையில் பால் வாங்கப் போனபோது மூத்தவர் வாசலில் நின்றார். "அண்ணாச்சி, இந்த வருடம் உங்கள் வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்ததோ?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் பால் பாத்திரத்தைப் பார்த்தபடி, மனைவியின் கையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த டிசம்பருக்கு மூன்று பெட்டி என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். டைமன் கட் வேண்டாம், அந்த எடைக்கு முந்திரிக்கொத்து போடுங்கள், அச்சுமுறுக்கை டின்னில் நிறுத்தி அடுக்குங்கள், டின்னை நானே கொண்டுவந்து தருகிறேன் என்றும் சொன்னேன். சரி என்றார்கள். அச்சு காயாததைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று என் மனைவி போனை வாங்கி, இருபது நிமிடம் பேசினாள். நடுவில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சுக்கைப் பற்றியும் சொல்லியிருப்பாள்.

எங்கள் பக்கம் வந்த தட்டை வெறும் தட்டாகத் திருப்புவதில்லை. ஒரு பிடி சீனியாவது போட்டுத் தருவார்கள். தம்பி வீட்டுத் தட்டு இருபத்தேழாம் தேதியே சீனியோடு வந்துவிட்டது. பள்ளிவாசல் பக்கத்து வீட்டில் இருந்து பேரீச்சம்பழத்தோடு வந்தது. முப்பது தட்டு அலமாரியில் ஏறிவிட்டது. அண்ணன் வீட்டுத் தட்டு இன்னும் வரவில்லை.